பழைய டீசல் பிக்கப் வண்டிகளில் மின்னேற்றக் கோளாறு: கடையநல்லூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

பழைய பிக்கப் ஒன்று சார்ஜ் ஏறவில்லை என்று கடையநல்லூர்ப் பட்டறைக்கு வந்தால், எலக்ட்ரீஷியன் முதலில் விசாரிக்க வேண்டியது பிரேக்கைப் பற்றி. பேட்டரியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாடநூல்கள் பேட்டரியிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. பெட்ரோல் காருக்கு அந்த வரிசை சரி. இங்கே ஓடும் பழைய டீசல் சுமை வண்டிகளுக்கு அது பொருந்தவில்லை என்பதும், பொருந்தும் வரிசை எது என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு குடும்பங்கள். ஒன்று, 1988இல் வந்த டாடா மொபைலின் வழியில் பிறந்த டாடா 207 டி.ஐ. மற்றது, பழைய டி.ஐ. எஞ்சின் பூட்டிய மகிந்திரா பொலேரோ பிக்கப். இரண்டிலும் டீசலைப் பீய்ச்சுவது முழுக்க இயந்திரப் பம்ப். கணினிப் பெட்டி கிடையாது. காமன் ரெயில் எஞ்சின் வந்த பிறகான வண்டிகளை இதில் சேர்க்கவில்லை. 2005இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊர்க் குட்டி யானை, தனியாக எழுதத் தக்கது. மின்னாக்கியைப் பட்டறைகளில் சொல்வதுபோல ‘டைனமோ’ என்றும், தொடக்க மோட்டாரை ‘செல்ஃப்’ என்றுமே இங்கும் குறிக்கிறேன்.

2. வட்டாரம்

2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில், திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744இன் மேல் இருக்கிறது கடையநல்லூர். வடக்கே புளியங்குடி எலுமிச்சை, சங்கரன்கோவில் பூ. தெற்கே பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை. இவற்றில் பெரும்பங்கு செங்கோட்டை, புளியரை வழியாக மலை ஏறிக் கேரளத்துக்குப் போகிறது. காலைச் சந்தையைப் பிடிக்க வேண்டிய சரக்கு என்பதால் ஓட்டம் பெரும்பாலும் இரவில்.

கோளாறுகளின் குணத்தை இந்த ஓட்டமே தீர்மானிக்கிறது. ஹெட்லைட் விடியும்வரை எரிகிறது. சந்தையில் மூட்டை ஏற்றும்போது எஞ்சின் ஐடிலில் நிற்க, விளக்கும் பாட்டும் ஓடுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் இந்தச் சாலை முழுவதும் தூறும்போது வைப்பரும் சேர்ந்துகொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், புளியரை வளைவுகளில் சுமையோடு இறங்கும்போது பிரேக் தவறவே கூடாது. மின்னேற்றத்துக்கும் பிரேக்குக்கும் என்ன உறவு என்பது அடுத்த பகுதியில் தெளிவாகும்.

3. அமைப்பு

3.1 மின்சாரப் பக்கம்

கார்களில் நேர்மின் டைனமோவின் இடத்தை மாறுமின் ஆல்டர்நேட்டர் பிடிக்கத் தொடங்கியது 1960இல். அமெரிக்க கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் அதை நிலையான உறுப்பாக்கியது. மலிவான சிலிக்கான் டயோடு வந்ததால்தான் அது இயன்றது. மறு ஆண்டே, 1961இல், சென்னையில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. நம் பகுதிப் பட்டறை மேசைகளில் பிரிந்து கிடக்கும் டைனமோக்களில் அதிகம் காணும் பெயர் அதுதான்.

உள்ளே சுழலும் ரோட்டாருக்கு இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியே, ஸ்லிப் ரிங் மேல் உரசி, சிறு மின்னோட்டம் போகிறது. ரோட்டார் காந்தமாகிச் சுழல, சுற்றியிருக்கும் ஸ்டேட்டரில் மூன்று கட்ட மாறுமின்சாரம் பிறக்கிறது. டயோடு தட்டிலுள்ள ஆறு பெரிய டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. பல வகைகளில் ரோட்டாருக்கென்றே மூன்று சிறிய டயோடுகளும் உண்டு. ரோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து, வெளிவரும் அழுத்தத்தை ஏறத்தாழ 14 வோல்ட்டில் நிறுத்துவது ரெகுலேட்டர்.

இதில் பலர் கண்டுகொள்ளாத உறுப்பு மீட்டர் பலகையில் எரியும் சிவப்பு பேட்டரி விளக்கு. சாவியைத் திருப்பியதும் ரோட்டாருக்கு முதல் மின்னோட்டம் அந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. இரண்டு வாட் பல்பானால் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஆம்பியர். ரோட்டாரைக் காந்தமாக்க அது போதும். அழகுக்காக மீட்டர் பல்புகளை எல்லாம் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டு, மறுநாள் முதல் ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்று வரும் வண்டிகள் இதனால்தான் வருகின்றன. எல்.இ.டி. விடும் மில்லி ஆம்பியர்கள் ரோட்டாரை எழுப்பப் போதாது.

3.2 காற்றுப் பக்கம்

பெட்ரோல் எஞ்சினில் காற்று வழியை மறிக்கும் மூடி இருப்பதால் உறிஞ்சுகுழலில் வெற்றிடம் தானாகவே உண்டாகிறது. பிரேக் பூஸ்டர் அதை எடுத்துக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் அந்த மூடி கிடையாது, எனவே வெற்றிடமும் இல்லை. தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். நாம் பேசும் வண்டிகளில் அந்தப் பம்பை டைனமோவின் முதுகிலேயே, அதே தண்டில் பூட்டியிருக்கிறார்கள். பம்பின் இறக்கைகள் உராயாமலிருக்க எஞ்சின் ஆயில் ஒரு மெல்லிய குழாய் வழியே வந்து, தடித்த குழாய் வழியே சம்புக்குத் திரும்புகிறது.

இந்த எஞ்சின்களில் வாட்டர் பம்பையும் விசிறியையும் சுழற்றுவதும் பெரும்பாலும் அதே ஃபேன் பெல்ட். ஆக, பெல்ட் அறுந்தால் மூன்று போகும்: சார்ஜ், பிரேக்கின் உதவி, எஞ்சினின் குளிர்ச்சி. பேட்டரி விளக்கு திடீரென எரிந்தால் ஓட்டுநர் ‘வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைக்கக் கூடாததற்குக் காரணம் இதுவே. மின்சாரம் மட்டும் போயிருந்தால் பகலில் போய்விடலாம்.

3.3 கோளாறு ஒளிந்திருக்கும் விதம்

இயந்திரப் பம்ப் கொண்ட டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரத்தை ஏறக்குறையக் கேட்பதே இல்லை. சில வண்டிகளில் டீசலை நிறுத்தும் சோலனாய்டு ஒன்றுக்குச் சிறிது மின்சாரம் வேண்டும். கம்பி இழுத்து நிறுத்தும் வகைக்கு அதுவும் வேண்டாம். அதனால் டைனமோ செத்தபின்னும் வண்டி பகல் முழுக்க ஓடும். சரக்கை இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தி, திரும்ப சாவி போடும்போதுதான் ‘டிக்’ என்ற ஒற்றை ஓசையோடு செல்ஃப் ஓய்கிறது. வண்டியைத் தள்ளிவிட்டால் கிளம்பியும் விடும். பழி பேட்டரி மேல் விழும். புதுப் பேட்டரி வாங்கி மாட்டுவார்கள். அது முழு சார்ஜோடு வந்திருப்பதால் ஓரிரு நாள் வண்டி நன்றாகவே கிளம்பும். பிறகு பழைய கதை. இந்த வட்டாரத்தில் வீணாக மாற்றப்படும் உறுப்புகளில் பேட்டரிக்கே முதலிடம் என்பது என் கணிப்பு.

4. சுமைக் கணக்கு

60 வாட் ஹெட்லைட் இரண்டு, 120 வாட். பின் விளக்குகள், மீட்டர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்து 40 என்போம். சாரலில் வைப்பர் 50, பாட்டுப் பெட்டி 40. மொத்தம் 250 வாட், 13.8 வோல்ட்டில் சுமார் 18 ஆம்பியர். 100 வாட் பல்பு மாட்டினால் 24 ஆம்பியர். பழைய டைனமோக்களின் மதிப்பு 35 முதல் 65 ஆம்பியர் வரை இருந்தாலும், அது எஞ்சின் வேகமெடுத்த பின் கிடைப்பது. ஐடிலில் அதில் ஒரு பகுதிதான். சந்தையில் விளக்கெரிய நிற்கும் வண்டியின் நல்ல டைனமோவேகூடப் பேட்டரியிலிருந்து கடன் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

இப்போது டைனமோ நின்றுவிட்டது என்று கொள்வோம். 60 ஆம்பியர்-மணி பேட்டரி 18 ஆம்பியரைக் கணக்குப்படி மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தரும். வேகமாக உறிஞ்சும்போது முழுக் கொள்ளளவு கிடைக்காது. இரண்டு கோடை கண்ட பேட்டரியானால் பாதி நேரம். கடையநல்லூரிலிருந்து கொல்லம் போய்ச் சேரச் சுமை வண்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். விளக்கு மங்குவது மலைப்பாதையிலா தென்மலைக்கு அப்பாலா என்பது பேட்டரியின் வயதைப் பொறுத்தது.

மங்கலும் நேர்விகிதத்தில் வருவதில்லை. இழை பல்பின் வெளிச்சம் அழுத்தத்தின் மூன்றாவது மடிக்கும் மேலாக மாறுகிறது. 13.5 வோல்ட்டில் தரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை 12 வோல்ட்டில் அது இழக்கிறது. சமவெளியில் கண் அதற்குப் பழகிக்கொண்டே வருவதால் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை.

5. சோதனை வரிசை

5.1 கேள்வியும் கால் மிதியும்

ஓட்டுநர் பானெட்டைத் திறப்பதற்குள் “பேட்டரியப் பாருங்க பாய்” என்பார். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் திருப்பிக் கேட்பது: “பிரேக் எப்படி இருக்கு அண்ணாச்சி? நேத்தைக்கும் இன்னைக்கும் மிதி ஒண்ணுபோலத்தானா?” விடை எதுவானாலும் சோதனை ஒன்றே. எஞ்சின் நின்றிருக்கையில் பிரேக்கைப் பலமுறை மிதித்து, மிதி கெட்டியாகும்வரை பூஸ்டரில் மிச்சமுள்ள வெற்றிடத்தைத் தீர்த்துவிட வேண்டும். காலை அழுத்தியபடியே எஞ்சினை ஓடவிட வேண்டும். மிதி சற்றே கீழிறங்கினால் பம்ப் வேலை செய்கிறது. இறங்காமல் கல்லாக நின்றால் பம்ப், அதன் ரப்பர் குழாய், ஒருவழி வால்வு, பூஸ்டர், பெல்ட் இவற்றில் ஒன்று குற்றவாளி. பிரேக்கும் சார்ஜும் ஒருசேரப் போயிருந்தால் பெல்ட்டையோ டைனமோவின் தண்டையோ பார்த்தால் போதும். மல்டிமீட்டரை எடுக்கவே வேண்டாம்.

5.2 கண்ணும் விரலும்

பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் தாழலாம். பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடிபோலப் பளபளத்தால் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது. விளக்கு போட்டதும் வரும் கீச்சுச் சத்தம் அதன் சாட்சி. டைனமோவின் அடிப்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் கறுப்பு எண்ணெய் ஒட்டினால் ஆறாம் பகுதிக்குப் போகலாம்.

இரவு முழுக்க நின்ற வண்டியின் டைனமோவைக் காலையில், எஞ்சின் ஓடுமுன், தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே டயோடு ஒன்று குறுக்கிணைந்து, பேட்டரி இரவெல்லாம் டைனமோவுக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

5.3 சிவப்பு விளக்கு

சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தால் முதல் தேர்வில் தேர்ச்சி. சாவி போட்டும் எரியவில்லையா? பல்பு, அதன் வயர், பிரஷ், ரோட்டார் என்ற சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. டைனமோவிலிருந்து அந்த மெல்லிய வயரைக் கழற்றி, எஞ்சின் உடம்பில் தொடவைத்தால் பிரச்சினை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்: விளக்கு எரிந்தால் வயரும் பல்பும் நலம், குறை டைனமோவுக்குள். எஞ்சின் ஓடும்போதும் பிரகாசமாக எரிந்தால் சார்ஜ் இல்லை. மங்கலாக மினுக்கினால் டயோடோ, எங்காவது கூடுதல் தடையோ.

ரோட்டாருக்கு மின்னோட்டம் போகிறதா என்று பார்க்கக் கருவியில்லாத வழி ஒன்று உண்டு. சாவியை மட்டும் போட்டு, எஞ்சின் ஓடாமல், டைனமோவின் பின் தண்டருகே ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோனால் காந்தம் இழுக்கும். நம் வண்டிகளில் பின்புறத்தைப் பம்ப் மறைக்கிறது. ஆகவே முன்னே புல்லி நட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். தண்டு முழுதும் காந்தமாவதால் அங்கும் இழுப்பு தெரியும்.

5.4 மல்டிமீட்டர்

சில மணி நேரம் ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் முதலில் வெளியில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றச் சோதனை. இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு டைனமோவுக்கு மதிப்பெண் போட முடியாது.

எஞ்சினைச் சற்றே உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். விளக்கு, வைப்பர், ஹீட்டர் இருந்தால் அதையும் போட்ட பிறகும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. 15ஐத் தொட்டால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. பேட்டரி நீர் கொதித்து வற்றும், பல்புகள் வரிசையாகப் போகும். பேட்டரிக்கு அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று யாராவது குறைப்பட்டால் இந்த அளவைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

அழுத்தம் குறைவாக வந்தவுடன் டைனமோவைக் கழற்றுவது அவசரம். எல்லா விளக்கும் எரிய, மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் பெரிய போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தால் அந்த வயர் தின்னும் அழுத்தம் தெரியும். 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் வயரோ லக்கோ கருகியிருக்கிறது. அதேபோல டைனமோ உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2க்குள் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது அளவு. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், சேஸிஸுக்கு மின்சாரம் திரும்ப ஒரே வழி எர்த் பட்டைதான். மீன் ஏற்றும் வண்டிகளில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அந்தப் பட்டை பச்சைப் பூசணமாகிவிடுகிறது. எர்த் கெட்ட வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிள் சுடுவதுண்டு. மின்சாரம் அந்த வழியைப் பிடித்துக்கொள்கிறது.

கடைசியாக மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, சுமையோடு பேட்டரியில் அளக்க வேண்டும். 0.5க்கு மேல் காட்டினால் டயோடு தட்டைச் சந்தேகிக்கலாம். வண்டி நின்றிருக்கையில் கசியும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. கணினியில்லாத இந்த வண்டிகளில் அவ்வளவுகூடத் தேவையில்லை. தாண்டினால் பாட்டுப் பெட்டியையும், பின்னாளில் யாரோ செருகிய ஜி.பி.எஸ். பெட்டியையும் கழற்றிப் பார்ப்பது வழக்கம்.

6. எண்ணெய் குடித்த டைனமோ

இவ்வகை வண்டிகளுக்கே உரிய கோளாறு இது. பாடநூல் வரிசை தவறவிடுவதும் இதையே. டைனமோவுக்கும் அதன் முதுகிலுள்ள பம்புக்கும் நடுவே தண்டைச் சுற்றி ஒரு ஆயில் சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் எஞ்சின் ஆயில் டைனமோவுக்குள் நுழைகிறது. முதலில் சந்திப்பது ஸ்லிப் ரிங்கையும் பிரஷ்களையும். பிரஷ் தேய்ந்து உதிரும் கார்பன் தூள் ஆயிலோடு குழைந்து, கண்மைபோலக் கறுப்புப் பசையாகிறது. பசை ரிங்கின் மேல் படலமாகப் படிய, பிரஷ் தன் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங் தள்ளியும் இறங்குவதில்லை. குளிர்ந்த காலையில் சார்ஜ் ஏறாது, சூடேறியதும் ஏறும், பள்ளத்தில் குதித்தால் விளக்கு ஒருமுறை மின்னி மறையும். இந்த விட்டுவிட்டு வரும் குணம்தான் பலரை வயரிங் முழுவதையும் பிரிக்க வைக்கிறது.

பிரித்த டைனமோவில் பார்க்க வேண்டியவை: பிரஷ் 5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருக்கிறதா, ரிங்கில் பள்ளம் விழுந்திருக்கிறதா, இரண்டு ரிங்குகளுக்கும் இடையே தடை இரண்டரை முதல் நான்கு ஓம் அளவில் இருக்கிறதா, ரிங்குக்கும் தண்டுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கிறதா. பசையைத் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் ரிங்கை மெருகேற்றி, புது பிரஷ் போட்டால் அன்றைக்கே சார்ஜ் ஏறிவிடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார், சில வாரங்களில் அதே குறையோடு திரும்புவார். சீலை மாற்றாத வேலை அரைவேலை.

சீலை மாற்றியும் எண்ணெய் வந்தால் திரும்பு குழாயைப் பார்க்க வேண்டும். அந்தத் தடித்த ரப்பர் குழாய் உட்புறம் ஊதி அடைத்திருந்தாலோ, வேறு வண்டியின் நீளமான குழாயை மாட்டியதால் மடங்கியிருந்தாலோ ஆயில் சம்புக்கு இறங்க முடியாமல் பம்பிலேயே தேங்கி, சீலை மீறும். பிஸ்டன் ரிங் தேய்ந்த கிழ எஞ்சினில் இன்னொரு சங்கடம்: சம்புக்குள் எரிந்த வாயுவின் அழுத்தம் ஏறி, இறங்கி வரும் ஆயிலை எதிர்த்து நிற்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரும் வண்டியில் டைனமோவை எத்தனை முறை பிரித்தாலும் பயனில்லை. எலக்ட்ரீஷியன் அங்கே கையை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டு வண்டிக்காரரை அலைய விடுவதும் நடக்கிறது.

பம்ப் பூட்டாத டைனமோவை இவ்வண்டிகளில் மாட்டக் கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அவசரத்துக்கு, கைக்குக் கிடைத்த கார் டைனமோவைப் பூட்டி, வேக்குவம் குழாயை ஒரு போல்ட்டால் அடைத்து அனுப்பும் வேலையும் உண்டு. சார்ஜ் 14 வோல்ட் காட்டும். புளியரையில் இறங்கும்போதுதான் மிச்சம் தெரியும்.

7. பட்டறை வழக்கங்கள்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கிளிப்பைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் ‘டைனமோ நல்லா இருக்கு’ என்று தீர்ப்புச் சொல்லும் சோதனை இன்னும் ஒழியவில்லை. இந்த டீசல் எஞ்சின் டைனமோவே இல்லாமலும் நிற்காது. ஆகவே சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. கெடுதலும் உண்டு. பேட்டரி என்ற தாங்கி விலகிய கணத்தில் அழுத்தம் 60 வோல்ட்டுக்கும் மேல் எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் கொல்லலாம். டயோடு இல்லாத பழைய நேர்மின் டைனமோ காலத்து வழக்கம் இது. அந்தக் காலத்தில் அதனால் பெரிய சேதமில்லை.

பெரிய போல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் உடம்பில் உரசி நெருப்புப் பார்ப்பது இன்னும் மோசம். முழு பேட்டரியையும் ஷார்ட் செய்வது அது. மாறாக, டெஸ்ட் பல்பை இகழ வேண்டியதில்லை. 21 வாட் பல்பு ஒன்று, இரண்டு வயர், ஒரு கிளிப்: கருகிய வயரில் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும் இடத்தில், சுமை இழுக்கும் பல்பு மங்கி உண்மையைச் சொல்லும். அதை நான் மீட்டருக்கு இணையாகவே மதிக்கிறேன்.

100 வாட் பல்பு கேட்பவருக்கு முதலில் ரிலே போட்டுத் தருவது முறை. பழைய சுவிட்ச் வழியே சுற்றிப் போகும் மெல்லிய வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு சாதாரணம். அந்த இழப்பைத் தீர்த்தால் 60 வாட் பல்பே போதுமென்று பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். டைனமோவின் சுமையும் ஏறுவதில்லை.

8. மாட்டிய பின்

வேலை முடிந்த வண்டியை வெளியே விடுமுன் மூன்று அளவுகளைச் சீட்டில் எழுதித் தருவது நல்லது: ஐடிலில் வோல்ட், வேகத்தில் சுமையோடு வோல்ட், எர்த் பக்க இழப்பு. அடுத்த முறை வேறு ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் ஒப்பிட ஓர் எண் இருக்கும். புதுப் பெல்ட் ஓரிரு நாள் ஓட்டத்தில் நீளும் என்பதால் திரும்ப இறுக்க வரச் சொல்ல வேண்டும். பம்பைக் கழற்றி மாட்டிய வண்டியில் எஞ்சின் ஆயில் அளவை ஓடவிட்டு நிறுத்திய பிறகு மறுபடி பார்க்க வேண்டும்; குழாய் இணைப்பில் செம்பு வாஷர் பழையதே என்றால் கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு 5.1இல் சொன்ன கால்மிதிச் சோதனை, சுமை ஏற்றாமல் ஒருமுறை, பின் சுமையோடு சமதளத்தில் மெதுவாக ஓட்டி ஒருமுறை. அதுவும் சரியாக வந்த பிறகு வண்டி புளியரை ஏறலாம்.